‘பசுமை’ பிராண்டின் பொலிவு சீரம், நான்கு மாத அனுபவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கோடையில், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தயாரிப்பதாகச் சொல்லும் ஒரு பிராண்டின் வைட்டமின் சி சீரம் வாங்கி, நான்கு மாதம் முகத்தில் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் வேதியியல் எடுப்பவள் என்பதால் ஸ்டாஃப் ரூம் தொடங்கி கல்யாண வீட்டுப் பந்தி வரை கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். நான் தோல் மருத்துவர் இல்லை. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது என்பது வரைதான் என் பாடம்.

எந்த பிராண்ட்? பெயரைச் சொல்லுங்களேன்.

சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குவீர்கள். பார்க்க வேண்டியது பின்பக்கம். நான் வாங்கியதில் எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) 15%, வைட்டமின் ஈ 1%, ஃபெருலிக் அமிலம் 0.5%. அளவு 30 மி.லி., விலை 799 ரூபாய். இந்தக் கலவை ஒன்றும் ரகசியம் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரின் குழு 2005இல் வெளியிட்ட விகிதம் இது. வைட்டமின் சி, ஈ இரண்டோடு ஃபெருலிக் அமிலமும் சேர்ந்தால் கரைசல் நிலையாக நிற்கிறது, வெயிலுக்கு எதிரான பாதுகாப்பும் இரட்டிப்பாகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதன்பிறகு எத்தனையோ கம்பெனிகள் இதே கலவையை எடுத்துக்கொண்டன.

இதைப் போட்டால் வெள்ளையாகிவிடுவேனா?

மாட்டீர்கள்.

‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு சிவப்பழகு இருந்த இடத்தில் எல்லாம் ‘பொலிவு’, ‘குளோ’, ‘பிரைட்டனிங்’ வந்து உட்கார்ந்துவிட்டன. ஆனால் கேட்பவர்களின் மனதில் பழைய கேள்விதான் இருக்கிறது. கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதிலேயே அது தெரிந்துவிடுகிறது.

நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவர், சிவப்பானவர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எந்த வகை மெலனினை உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். அது பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது. வெயிலாலும் பருவாலும் கூடுதலாகச் சேர்ந்த கறுப்பை மட்டுமே சீரம் மெல்லக் குறைக்கும். நான் மாநிறம். நான்கு மாதம் கழித்தும் அதே மாநிறம்தான்.

அப்படியானால் என்னதான் செய்கிறது?

வாழைப்பூ ஆய்ந்திருக்கிறீர்களா? நறுக்கிய உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுவோம். இல்லாவிட்டால் கறுத்துப்போகும். காற்று பட்டதும் வாழைப்பூவைக் கறுக்க வைப்பது செம்பைத் தன்னுள் வைத்திருக்கும் ஒரு நொதி. மோரின் புளிப்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது. நம் தோலில் மெலனின் உண்டாவதற்கும் கிட்டத்தட்ட அதன் சொந்தக்காரன்தான் காரணம். டைரோசினேஸ் என்று பெயர், அதற்கும் செம்பு வேண்டும். வைட்டமின் சி அந்த நொதிக்கு முட்டுக்கட்டை போடுகிறது. பாதி வழியில் இருக்கும் நிறமிப் பொருளைப் பழைய நிலைக்கே திருப்பியும் விடுகிறது.

ஏற்கெனவே கறுத்துவிட்ட வாழைப்பூவை மோரில் போட்டால் வெளுத்துவிடாது, இல்லையா? அதேபோல் ஏற்கெனவே உண்டான நிறமி, தோல் செல்கள் மேலே வந்து உதிரும்போதுதான் போகும். அதனால்தான் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு எலுமிச்சம்பழத்தையே தேய்த்துவிட்டுப் போகலாமே?

இது என் மாமியாரின் கேள்வி. அவரிடம் சொன்ன கணக்கையே இங்கும் சொல்கிறேன். 100 மி.லி. எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 50 மில்லிகிராம்தான், அதாவது 0.05%. சீரத்தில் 15%. முந்நூறு மடங்கு. எலுமிச்சையில் புளிப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். அது தோலை அரிக்கும். அது போதாதென்று, எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் சில பொருள்கள் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்து, போகும்போது கறுப்புத் தடத்தை விட்டுவிட்டுப் போகும். கறுப்பு போகவேண்டும் என்று தேய்த்துக் கறுப்பை வரவழைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

மாமியார் சமாதானமாகவில்லை. கஸ்தூரி மஞ்சளுக்கு மாறிவிட்டார்.

வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, இப்போது டீ நிறத்தில் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் நானே மாட்டிக்கொண்ட இடம் இது.

முதல் பாட்டிலை ஏப்ரலில் திறந்தேன். எங்கள் ஊர் திருச்சி. ஏப்ரல் வெயில் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். வெளிர் மஞ்சளாக இருந்தது நான்காவது வாரத்தில் தேன் நிறமானது. ஆறாவது வாரம் கடுங்காப்பி. தலையணை உறையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தடம் வந்தது, இன்னும் போகவில்லை.

அஸ்கார்பிக் அமிலத்துக்குக் காற்று, வெளிச்சம், சூடு, தண்ணீர் எதுவுமே ஆகாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறுகிறது, வீரியம் போகிறது. டிராப்பர் பாட்டிலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று உள்ளே போகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லி என்பது சுமார் 20 துளி. முகத்துக்கும் கழுத்துக்கும் 4 துளி போதும், அதாவது தினமும் 0.2 மி.லி. ஆறு வாரத்தில் நான் செலவழித்தது 8.4 மி.லி. மீதி 21 மி.லி.க்கு மேல் சாக்கடைக்குப் போனது. 30 மி.லி. பாட்டிலை இந்த அளவில் காலி செய்ய 150 நாள் ஆகும். இந்த வகை சீரம் திறந்தபின் மூன்று மாதம் நன்றாக இருந்தாலே பெரிய விஷயம். அதாவது, ஒழுங்காகப் பயன்படுத்தும் யாராலும் முழுசாகத் தீர்க்க முடியாத அளவில் விற்றுக்கொண்டு, பெட்டிமேல் ‘பூமிக்கு நல்லது’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அதே கடையில் 15 மி.லி. பாட்டிலும் இருந்தது. ‘பெரியது வாங்கினால் லாபம்’ என்ற பட்டையைப் பார்த்துப் பெரியதை எடுத்தவள் நான்தான். இரண்டாவது முறை 15 மி.லி. வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் இஞ்சி பூண்டு விழுதுக்குப் பக்கத்தில் வைத்தேன். 11 வாரத்தில் தீர்ந்தது. கடைசித் துளி வரை வெளிர் மஞ்சள்தான்.

ஒரு எச்சரிக்கை: சில சீரங்கள் ஃபெருலிக் அமிலத்தால் தொடக்கத்திலேயே லேசான மஞ்சளாக இருக்கும். பயப்பட வேண்டாம். திறந்த அன்று ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒப்பிட வசதியாக இருக்கும்.

போட்டதும் சுருசுருவென்று எரிகிறது. சரிதானா?

ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுருக்கென்ற உணர்வு என்றால் பரவாயில்லை. அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் போக வேண்டுமானால் கரைசலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்து பிஎச் தாளில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன், 3-ஐ ஒட்டி நின்றது. அவ்வளவு புளிப்பு கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். சிவந்து, தடித்து, அரிக்க ஆரம்பித்தால் கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

புதிதாக வாங்கியதை நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். நான் மூன்று நாள்தான் பொறுத்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதைப் பின்பற்ற வேண்டாம்.

காலையிலா, இரவிலா?

காலையில். முகம் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு சீரம். அதன்மேல் தேவையென்றால் மாய்ஸ்சரைசர். கடைசியாக சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி.

சன்ஸ்கிரீன் போட மாட்டேன், சீரம் மட்டும் போடுகிறேன் என்பவர்கள் சீரம் வாங்காமல் அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீனை வாங்கலாம். ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான் இல்லாவிட்டால்.

எத்தனை நாளில் தெரியும்? உங்களுக்குத் தெரிந்ததா?

தோலின் மேல்படலம் ஒரு சுற்று மாறவே நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். அதனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை எதையும் தீர்ப்பு சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு ஒரே ஜன்னல் பக்கம் நின்று படம் எடுத்தேன். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, அல்லது இல்லாத மாற்றம் தெரியும். இடது கன்னத்தில் பரு வந்துபோன ஏழு தடங்கள் இருந்தன. புது பாட்டில் தொடங்கி பத்தாவது வாரத்தில் அதில் நான்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு மங்கியிருந்தன. ஒன்று அப்படியே இருந்தது. சீரத்தோடு சேர்ந்து நான் அந்த நான்கு மாதமும் சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் போட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் அப்படிப் போட்டதில்லை. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இரண்டாவது முகம் இல்லை.

மங்கு போகுமா?

கன்ன எலும்பின்மேல் எனக்கும் மங்கு இருக்கிறது, இரண்டாவது பிரசவத்தில் வந்தது. இந்த சீரத்தால் அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. மங்கு பிடிவாதக்காரர். ஹார்மோன், வெயில் இரண்டும் சேர்ந்த விவகாரம் அது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட அதைத் தூண்டும் என்பதால், நிறம் கலந்த சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு அந்த வெளிச்சத்தைத் தடுக்கும். மங்குக்கு சீரம் தேடிக் கடைகடையாக அலைவதைவிட ஒரு முறை மருத்துவரிடம் போய்விடலாம்.

என் தோழி போடும் சீரத்தில் உடனே பளபளப்பு வருகிறதே?

பின்பக்கத்தில் மைக்கா அல்லது டைட்டானியம் டையாக்சைடு என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். அது மினுமினுப்புத் தூள், முகம் கழுவினால் போய்விடும். ‘பசுமை’ என்று பேசும் பிராண்ட் என்றால், அந்த மைக்கா எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கலாம். ஜார்க்கண்ட், பீகார் மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பல ஆண்டுகளாகப் பேசப்படும் விஷயம்.

‘பசுமை’ என்பது உண்மையா, விளம்பரமா?

இரண்டும் கலந்து இருக்கும். பெட்டிமேல் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

‘விலங்குகளிடம் சோதிக்கப்படாதது’. இந்தியாவில் அழகுசாதனங்களை விலங்குகளிடம் சோதிக்க 2014இலேயே தடை வந்துவிட்டது, அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்யவும் தடை. சட்டப்படி செய்யக்கூடாததைச் செய்யவில்லை என்பதற்குத் தனி முத்திரை எதற்கு? ‘ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறேன்’ என்று வண்டியில் எழுதி ஒட்டிக்கொள்வது போல.

‘பாரபென் இல்லாதது’. பாரபென் என்பது பொருள் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதற்கும் குப்பைக்கும் சம்பந்தம் இல்லை. ‘இயற்கையானது’ என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் அளக்க முடியாது. இயற்கை, ஆர்கானிக் அழகுசாதனங்களுக்குத் தரும் ‘காஸ்மாஸ்’ போன்ற சான்றிதழ் இருந்தால் அதற்கென்று விதிகள் உண்டு, யாரோ வந்து சரிபார்க்கிறார்கள்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘கிளீன்’, ‘கிரீன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது, சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். பெட்டியில் க்யூஆர் குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். என் பாட்டிலில் இருந்தது பிராண்டின் முகப்புப் பக்கத்துக்குத்தான் போனது.

கண்ணாடி பாட்டில் நல்லதுதானே?

பாதி நல்லது. எல்லாவற்றையும் பிரித்து சமையலறைத் தராசில் வைத்தேன்: கண்ணாடி 58 கிராம், டிராப்பர் 11, அட்டைப் பெட்டி 14, கூரியரில் வந்த பெட்டியும் அதற்குள் இருந்த காகித வலையும் 85. மொத்தம் 168 கிராம், 30 மி.லி. திரவத்துக்காக.

அந்த டிராப்பர்தான் வில்லன். ரப்பர் குமிழ், பிளாஸ்டிக் மூடி, கண்ணாடிக் குழாய் மூன்றும் ஒன்றோடொன்று மாட்டியிருக்கும். பிரிக்காமல் போட்டால் யாரும் மறுசுழற்சி செய்யமாட்டார்கள். எங்கள் தெரு காயலான் கடைக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டார், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘சின்னக் கண்ணாடிக்கு விலையே இல்லம்மா, எடை ஏத்துக் கூலிகூட வராது’ என்றார்.

மூன்று காலி பாட்டிலைத் திருப்பி அனுப்பினால் அடுத்த ஆர்டரில் 100 ரூபாய் தள்ளுபடி என்று பிராண்ட் சொல்லியிருந்தது. எங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை, கூரியரில் நாமே அனுப்ப வேண்டுமாம். கூரியர்காரர் கேட்டது 120 ரூபாய். இதைப் பற்றி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு முறையும் பூ இமோஜியோடு ஒரே பதில் வந்தது.

பெட்டியில் ஆரஞ்சுப் பழம் போட்டிருக்கிறதே, அதிலிருந்தா எடுக்கிறார்கள்?

இல்லை. கம்பெனிகளுக்குப் போகும் வைட்டமின் சி பெரும்பாலும் சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் குளுக்கோஸை நுண்ணுயிர்களால் நொதிக்க வைத்துச் செய்வது. 1933இல் ஸ்விட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைன் கண்டுபிடித்த வழியிலிருந்து வளர்ந்தது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பழத்திலிருந்து 15% சீரம் செய்யவேண்டுமானால் தோப்பு தோப்பாக அழிய வேண்டியிருக்கும். படத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

சைவமா?

வைட்டமின் சி சைவம். தோல் வறளாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்குவாலேன் இருந்தால் எதிலிருந்து என்று கேளுங்கள்: ஒரு காலத்தில் ஆழ்கடல் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்தார்கள், இப்போது ஆலிவ், கரும்பிலிருந்தும் வருகிறது. ஈரப்பதத்துக்காகச் சேர்க்கும் ஹயலூரோனிக் அமிலம் முன்பு சேவல் கொண்டையிலிருந்து வந்தது, இன்று பெரும்பாலும் நொதிக்க வைத்துச் செய்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை இல்லாத வேறொன்று இருக்கிறதா?

நியாசினமைடு. பி3 வைட்டமினின் ஒரு வடிவம். நிறமி உண்டாவதை இது தடுப்பதில்லை, உண்டான நிறமி மேல் செல்களுக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கிறது. 5% போதும், 10% வாங்கிப் பெருமைப்பட வேண்டியதில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் எளிதில் கெடாது, பெரும்பாலும் எரியாது, விலையும் குறைவு. ஃபிரிட்ஜ் வேண்டாம். கடைசித் துளி வரை பயன்படும் என்பதால் குப்பை கணக்கிலும் இதுதான் ஜெயிக்கிறது. வைட்டமின் சி-யோடு சேர்த்தும் போடலாம், சேரக்கூடாது என்பது பழைய பேச்சு.

முதல்முறை வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதன் பெட்டியில் போட அழகான பழம் எதுவும் இல்லை.

கர்ப்பமாக இருக்கிறேன், போடலாமா?

மேலே பூசும் வைட்டமின் சி, நியாசினமைடு இரண்டும் பொதுவாகப் பிரச்சினை இல்லாதவை. வைட்டமின் ஏ வகையான ரெட்டினால், நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் இரண்டும் வேண்டாம். எதுவானாலும் பாட்டிலை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஃபேன்சி ஸ்டோரில் 150 ரூபாய் கிரீம் பத்தே நாளில் வேலை செய்கிறதே?

அந்த வேகம்தான் பயமுறுத்துகிறது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருந்திருக்கிறது. பாதரசம் நிறமியை வேகமாகத் தடுக்கும், அப்படியே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு ரகம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப். தொடக்கத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் பரு வெடிக்கும். எங்கள் பள்ளியிலேயே பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இதில் சிக்கி, வெளியே வர ஒரு வருடம் ஆனது.

மறுபடி வாங்குவீர்களா?

15 மி.லி. என்றால், மழைக்காலத்தில், வாங்குவேன். 30 மி.லி. வாங்கமாட்டேன். கோடைக்கு நியாசினமைடு.

காலி பாட்டில்களை என்ன செய்தீர்கள்?

கழுவி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். ஒன்றில் ஃபினால்ஃப்தலீன், இன்னொன்றில் மெத்தில் ஆரஞ்சு. டிராப்பர் நன்றாகவே சொட்டுகிறது. லேபிளைச் சுரண்டியும் முழுசாக வரவில்லை, ‘பொலிவு’ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் ‘பொலிவு பாட்டில்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.